முப்பத்தொன்றாம் நாள் ஜெபம்

காதில் மாட்டியிருப்பதைக் கொஞ்சம் கழற்றுவாயா, பிள்ளே? இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தொட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பையில் இருப்பது லேப்டாப்தானே? திசையன்விளை ஸ்டாண்டில் நீ ஏறும்போதே பார்த்தேன். கர்த்தர்தான் உன்னை என் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. நான் என் வழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கட்டுமா? பதிவு பண்ணின சத்தத்திலிருந்து ஒரே ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா? மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு சொல்தான். நாலைந்து தரம் வருகிறது, அவ்வளவுதான்.

முடியும்தானே? என் சின்ன மகன் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். ஆனால் அவன் வலது கை இப்போது மாவுக்கட்டில் இருக்கிறது. கட்டு இல்லாவிட்டாலும் இதை அவனிடம் கேட்க முடியாது.

எதற்கு என்று கேட்கிறாய். கேட்க வேண்டியதுதான். பாளையங்கோட்டை போய்ச் சேர இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கிறது. பத்தரைக்குக் கோர்ட்டில் நான் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் ஆமோஸ், இளையவன் எலியேசர். அவர்கள் அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மார்க்கெட் தெருவில் எங்கள் வீட்டு மாடியில் பையன்கள் ரெக்கார்டிங் நிலையம் வைத்திருந்தார்கள். கிறிஸ்தவப் பாட்டு, கோயில் கொடை விழா விளம்பரம், ஆட்டோவில் ஸ்பீக்கர் குழாய் கட்டிக்கொண்டு போகும் ஜவுளிக்கடை அறிவிப்பு, மரண அறிவிப்பு, எல்லாம் அங்கேதான். மாடியில் இரண்டே அறை. ஒன்று கண்ணாடி அறை. சுவரெல்லாம் மெத்தை மாதிரித் தைத்து, கதவும் தடியான கதவு. அதற்குள் நின்றுதான் பாட வேண்டும். வெளியே மிஷின் அறை. அங்கே கம்ப்யூட்டர். நடுவில் பெரிய கண்ணாடி. கண்ணாடி அறையில் பெரிய மைக், மிஷின் அறை மேசைமேல் சின்ன மைக். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள். அறை இரண்டு, மைக் இரண்டு, கம்ப்யூட்டர் ஒன்று.

ஆமோஸ் நல்லவன். கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும், அது ஒன்றுதான். ஒரு தரம் தாளம் தப்பினார் என்று ஒரு தபேலாக்காரர் விரல்மேல் ஆர்மோனியப் பெட்டி மூடியைப் போட்டு அமுக்கிவிட்டான். இரண்டு நகமும் கறுத்து விழுந்துவிட்டன. நான் அவர் வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணினேன். மன்னித்துவிட்டார் பாவம். பிறகு ஊரைவிட்டே போய்விட்டார், அது வேறு விஷயம்.

எலியேசர் சாது. ஆனால் வேலையில் ஒழுங்கு கிடையாது. ஒரு பாட்டு பாதியில் திறந்து கிடக்கும், அதை மூடாமலே இன்னொன்றை ஆரம்பிப்பான். பதிவு பண்ணுகிற ப்ரோகிராம் இருக்கிறது இல்லையா, அதையே இரண்டு தரம் திறந்து வைப்பான். ஒன்று பெரிய மைக்குக்கு, ஒன்று சின்ன மைக்குக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டாவதைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பெட்டி வந்து எச்சரிக்கும். 'ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்றைத் திறந்தால் சேதம் வரலாம்' என்று. எலியேசர் அதை வாசிக்காமலே சரி என்று தட்டிவிடுவான். ஆமோசுக்கு அது ஆகவே ஆகாது.

"ஏலே, ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடணும்னு எத்தனை மட்டம் சொல்ல? என்னைக்காவது மிஷின் செத்துரும். அன்னைக்கு உன்னையும் சேத்துப் பொதைப்பேன்."

"சாவாதுண்ணே. ரெண்டு வருஷமா ஓட்டுதேன்."

"நீ ஓட்டுவ. ஒன் வாய் ஒண்ணு பேசும், கை ஒண்ணு செய்யும். ஒனக்கு ரெண்டு போதாது, நாலு ஜன்னல் வேணும்."

இப்படித்தான் இரண்டு பேரும். சிரித்துக்கொண்டே பேசுவார்கள். சில நாள் சிரிக்காமல்.

நான் என்ன செய்வேன் என்றால், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நாற்பது நாளும் காலையில் ஒரு ஜெபம் பதிவு பண்ணி வாட்ஸப்பில் போடுவேன். நான் எட்டாவதுதான் படித்தேன். ஆனாலும் இருநூற்று நாற்பது பெண்கள் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். துபாயில் இருந்துகூடக் கேட்கிறார்கள். பெயர் சொல்லி ஜெபம் பண்ணுவேன். இன்னாருக்கு மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை, இன்னார் வீட்டுக்காரர் குடியை விடவில்லை, இன்னார் மகள் சொல்பேச்சுக் கேட்கவில்லை, எல்லாம் கர்த்தர் சமுகத்தில் வைப்பேன். சில பேருக்குப் பெயர் சொன்னால் வருத்தம். வெட்கப்பட்டால் விடுதலை கிடைக்குமா?

மருமகள் பெயரையும் சொல்லுவேன். ஆமோசின் மனைவி, பெனினாள். உடன்குடிப் பிள்ளை. தையல் நன்றாகத் தைப்பாள். எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். நல்ல பிள்ளைதான், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். கண்டிப்பதற்கு ஒரு சொல் சொன்னால் பதிலுக்கு ஒரு சொல் சொல்லுவாள். அதனால் அடியும் கொஞ்சம் பட்டாள். எல்லா வீட்டிலும் இருப்பதுதான். நான் அவளைத் தனியாக உட்காரவைத்து எண்ணெய் தடவி, "பொறுத்துக்கோ பிள்ளே, நானும் பட்டவதான்" என்று சொல்லுவேன்.

பொய் இல்லை, பட்டவள்தான். அவர்கள் அப்பாவுக்குப் பெல்ட்தான் பழக்கம். கொக்கி இருக்கிற பக்கம். அடி விழ ஆரம்பித்ததும் நான் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். எவ்வளவு அடியோ அவ்வளவு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த வீட்டில் ஜெபம் நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். பிள்ளைகளும் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து சொல்லும். ஒரு நாள்கூட எங்கள் வீட்டுச் சண்டை தெருவுக்குப் போனதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இட்டமொழி வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், லெந்து முப்பத்தொன்றாம் நாள். காலை ஆறு மணிக்கு நான் கண்ணாடி அறைக்குள் போய் முழங்காலில் நின்றேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஆமோஸ் மிஷின் அறையில் உட்கார்ந்து, "ஆரம்பிங்கம்மா" என்றான். ஆரம்பித்தேன். இருபத்திரண்டு நிமிஷம். முடிந்ததும், "போதும்மா, வாங்க" என்றான். வெளியே வந்தால் பெனினாள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறாள். தாடை உடைந்திருக்கிறது. பல் மூன்று போயிருக்கிறது. இடது காதிலிருந்து ரத்தம் வருகிறது. ஆமோஸ், "படியில விழுந்துட்டாம்மா" என்றான். தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இதுதான் நான் போலீஸில் சொன்னது. இன்றைக்குக் கூண்டிலும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பெனினாள் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பேச முடியாது. ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினாள், மைக் ஸ்டாண்டின் இரும்புக் காலால் ஆமோஸ் அடித்தான் என்று. அவள் அப்பா போலீஸில் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். கொலை முயற்சி என்று வழக்கு. நான் ஆரஞ்சுச் சாறு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலி தாங்கவில்லை, பாவம்.

ஆமோஸின் வக்கீல் கெட்டிக்காரர். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா, உங்க ஜெபந்தான் அவனுக்குக் காவல்" என்றார். நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். பதிவில் ஆரம்பத்தில் ஆமோஸ் குரல் இருக்கிறது, முடிவில் ஆமோஸ் குரல் இருக்கிறது. நடுவில் இருபத்திரண்டு நிமிஷம் அம்மா ஜெபிக்கிறாள், மகன் எதிரில் உட்கார்ந்து பதிவு பண்ணுகிறான். ஆறு நாற்பதுக்குக் குரூப்பில் போயிருக்கிறது, நேரம் விழுந்திருக்கிறது. இருநூற்று நாற்பது பேர் கேட்டிருக்கிறார்கள். அவன் எப்போது போய் அடித்தான்? அப்படிக் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்?

அந்த முப்பத்தொன்றாம் நாள் ஜெபத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு வந்த மாதிரி செய்தி என் வாழ்நாளில் வந்ததில்லை. 'எட்டாவது நிமிஷத்துக்கு மேலே உங்க சத்தத்துல ஒரு வல்லமை இறங்குச்சு அக்கா, நாங்க அழுதுட்டோம்' என்று அத்தனை பேர் எழுதினார்கள். அன்றைக்கு ஜெபக் குறிப்பு குடும்ப சமாதானம்.

பிறகு நிலையம் படுத்துவிட்டது. போலீஸ் ஏறின இடத்தில் யார் வந்து பாடுவார்கள்? கம்ப்யூட்டர் இரண்டு வருஷம் துணி போட்டு மூடிக் கிடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில் ஆமோஸ் பிளக்கைப் பிடுங்கிப் போட்டது, அப்படியே கிடந்தது.

போன வியாழக்கிழமை எலியேசர் ஏதோ பழைய பாட்டு வேண்டும் என்று அதைத் தட்டி எழுப்பியிருக்கிறான். ப்ரோகிராமைத் திறந்ததும் அது கேட்டிருக்கிறது, 'கடைசியாகச் சேமிக்காமல் விட்ட பதிவு ஒன்று இருக்கிறது, மீட்கட்டுமா' என்று. இவன் வழக்கம்போல வாசிக்காமல் சரி என்று தட்டியிருக்கிறான்.

புரிகிறதா உனக்கு? நீ படித்த பிள்ளை, புரிந்திருக்கும். அன்றைக்குக் காலை ஆமோஸ் வருவதற்கு முன்னாலேயே எலியேசர் மேலே வந்து, ஜவுளிக்கடை ஈஸ்டர் விளம்பரம் பேசுவதற்குச் சின்ன மைக்கில் பதிவைப் போட்டிருக்கிறான். தொண்டை கட்டியது என்று வெந்நீர் குடிக்கக் கீழே போனவன், கடைத்தெருவில் யாரையோ பார்த்து நின்றுவிட்டான். நிறுத்தவில்லை. அது பின்னால் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆமோஸ் வந்து முன்னால் திறந்திருந்த ப்ரோகிராம் ஜன்னலில் பெரிய மைக்கைப் போட்டு என் ஜெபத்தை ஆரம்பித்திருக்கிறான். இன்னொன்று ஓடுவது அவனுக்குத் தெரியாது. கண்ணாடி அறைக்குள் என் ஜெபம் ஒன்றில் ஏறுகிறது, மிஷின் அறையில் நடந்ததெல்லாம் இன்னொன்றில் ஏறுகிறது. ஒரே இருபத்திரண்டு நிமிஷம்.

எலியேசர் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆமோஸ் படியேறி வந்துவிட்டான். அவன் ஜாமீனில் இருக்கிறான், வீட்டில்தான் இருந்தான். தன் குரலைத் தானே கேட்டிருக்கிறான்.

நான் அப்போது கீழே சமையலறையில். மேலே பொத்து பொத்தென்று சத்தம். சுத்தியலை எடுத்துக் கம்ப்யூட்டரைச் சிதற அடித்துவிட்டான். உள்ளே பதிவெல்லாம் இருக்கிற தட்டை வெளியே எடுத்துப்போட்டு அடித்தானாம். அப்புறம் அவன் குரல் கேட்டது. "வேற எங்க வச்சிருக்க? காப்பி எடுத்தியா? சொல்லுலே. எடுத்தியா?" எலியேசர் குரலே இல்லை. கண்ணாடி அறைக் கதவு இருக்கிறதே, அந்தத் தடிக் கதவு, அதன் நிலையில் தம்பியின் வலது மணிக்கட்டை வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான். ஒரு தரம் இல்லை. மூன்று தரம் சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு தரத்துக்கும் நடுவில், "எடுத்தியா?" என்ற கேள்வி.

நான் என்ன செய்தேனா? முழங்காலில் நின்றேன். சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்? எலியேசருக்குப் பலம் கிடைக்கட்டும் என்றுதான். கிடைத்ததே! எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்தும் ஒரு கத்தல் இல்லை அவன் வாயிலிருந்து. என் ஜெபம் அவனைத் தாங்கியது என்று நான் நினைத்தேன்.

எலும்பு ஆஸ்பத்திரியில் ஆமோஸ் வெளியே போன நேரம் பார்த்து எலியேசர் வாயைத் திறந்தான். நகம் அளவு ஒரு பென்டிரைவ். பதிவை அதில் காப்பி எடுத்து, ஆமோஸ் படியேறுகிற சத்தம் கேட்டதும் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்திருக்கிறான். அத்தனை அடிக்கும் வாயைத் திறக்கவில்லை என்றால் அதனால்தான். பல் பதிந்து கன்னம் உள்ளே கிழிந்து ரத்தமும் எச்சிலுமாக என் உள்ளங்கையில் துப்பினான்.

"அம்மா, இது ஒண்ணுதான் மிச்சம். உங்க ஜெபக் குறிப்பு நோட்டு உறைக்குள்ள வச்சுக்கோங்க. அங்க அவன் கை வைக்கமாட்டான். முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு, என்ன செய்யணுமோ நீங்க செய்யுங்க."

"நீயே குடுலே."

"நான் குடுக்கமாட்டேம்மா. நீங்கதான் குடுக்கணும். இல்ல, குடுக்கவேண்டாம்னாலும் நீங்கதான் சொல்லணும்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை. கிறுக்குப் பிள்ளை. ஒரே ஒன்று மிச்சம் இருக்கும்போது அதை யாராவது தாய் கையில் கொடுப்பார்களா? எதிரியும் அவளுக்கு மகன்தானே?

அவன் பழைய போனில் மாட்டித் தந்தான். கேட்டேன். பெனினாள் வருகிறாள். டம்ளர் வைக்கிற சத்தம்.

"காப்பி வச்சிருக்கேன். பத்து மணி பஸ்ஸுக்கு நான் உடன்குடி போறேன். தங்கச்சி பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். திங்கக்கிழமை வந்துருவேன்."

"யாரைக் கேட்டுட்டுப் போறட்டி?"

"கேட்டு மூணு வாரமாச்சு. நீங்க பதில் சொல்லல. அதான் இப்ப சொல்லிட்டுப் போறேன்."

"நாளைக்குப் பாட வர்ற பன்னெண்டு பேருக்கு ஒங்கப்பனா வந்து பொங்குவான்?"

"உங்கம்மா பொங்கட்டும். ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ண முடியுதுல்ல, ஒரு நாள் ஒலை வைக்க முடியாதா?"

பார்த்தாயா, என்ன சொல் என்று! அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்புறம்தான் அந்தச் சத்தம். நான் பெரிய சத்தம் கேட்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். இல்லை. ஈரத் துணியைக் கல்லில் ஒரு தரம் அடித்த மாதிரி, அவ்வளவுதான். நாற்காலி விழுகிறது. பிறகு உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். "அத்தை" என்கிறாள். திரும்ப அடி. "அத்தை." வாய் கோணிவிட்டது போல, சொல் சரியாக வரவில்லை. "அத்தை, அத்தை" என்று நாலைந்து தரம். நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன், பிள்ளே. நான் நான்கு நாளாக உபவாசம் இருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆமோஸ் செய்தது தப்பு. தம்பி கையை ஒடித்தது அதைவிடத் தப்பு. நான் இதைக் கோர்ட்டில் கொடுத்துவிடுகிறேன். பெற்ற மகனை நானே ஒப்புக்கொடுக்கிறேன், இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்ய வேண்டும்? ஆனால் அந்த 'அத்தை' மட்டும் வேண்டாம். கோர்ட்டுக்கு அது எதற்கு? அவன் அடித்தானா, அடித்தான். அது போதாதா? அவள் யாரைக் கூப்பிட்டாள் என்பதெல்லாம் குடும்ப விஷயம். இருநூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். நாளைக்கு இது வெளியே போனால், ஜெபம் பண்ணுகிறவள் கண் முன்னால் கூப்பிட்டாளே என்று பேசுவார்கள். எனக்கு என்ன, நான் இருந்தாலும் போனாலும் ஒன்றுதான். அந்தப் பெண்களின் விசுவாசம் கெட்டுப்போகும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

எனக்குக் கேட்கவில்லை, பிள்ளே. காதில் ஹெட்போன். ஜெபத்தில் கண்ணைத் திறக்கக்கூடாது என்பது என் சின்ன வயது வைராக்கியம்.

என்ன, தலையை ஆட்டுகிறாய்? ஏன் முடியாது? முடியும் என்றுதானே முதலில் சொன்னாய்?

ஓ. வெட்டினால் வெட்டின தடம் தெரியுமா? தெரிந்தால் மொத்தமும் செல்லாதா? அப்போது ஆமோஸின் வக்கீல் எழுந்து, இது கைவைத்த பதிவு என்பாரோ? என்பார். அவர் விடமாட்டார். அப்போது ஆமோஸ் வெளியே வந்துவிடுவான். வந்தால் எலியேசரின் இடது கைதான் மிச்சம்.

முழுசாகக் கொடுக்க வேண்டும், இல்லை கொடுக்கவே கூடாது. அப்படித்தானே சொல்கிறாய்?

முழுசாகக் கேட்டீர்களா என்றா கேட்கிறாய்? இல்லை. அதுதான் சொன்னேனே, கீழே வைத்துவிட்டேன் என்று. மிச்சம் என்ன இருக்கப்போகிறது, அடிதானே? எலியேசர் முழுசாகக் கேளுங்கள் என்று சொன்னது வாஸ்தவம். எனக்குத் தெம்பு இல்லை.

இப்போதா? இந்தப் பஸ்ஸிலா?

சரி. மூலைக்கரைப்பட்டி தாண்டியாச்சு. இந்தா, நோட்டு உறைக்குள் இருக்கிறது. மெதுவாக எடு. ஒரு காதை நீ வைத்துக்கொள், ஒரு காதை எனக்குத் தா. தனியாக முடியாது.

எலியேசர் குரல் இது. விளம்பரம் பேசுகிறான். தள்ளிவிடு. இது ஆமோஸ். இது டம்ளர். இங்கேயும் தள்ளிவிடு, இதெல்லாம் கேட்டாச்சு. இல்லை, தள்ளாதே. ஓடட்டும்.

பின்னால் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கிறதே, அது நான். மேசைமேல் அவன் கழற்றி வைத்த ஹெட்போனிலிருந்து வருகிறது போல. பார், சாந்தமாகத்தான் ஜெபிக்கிறேன்.

அடி.

அத்தை.

இப்போது என் சத்தத்தைக் கேள். ஏறுகிறது. அவள் கூப்பிடக் கூப்பிட ஏறுகிறது. அவள் ஒரு தரம், நான் ஒரு படி. அடி ஒன்று, ஸ்தோத்திரம் ஒன்று. எட்டாவது நிமிஷம். இதைத்தான் வல்லமை இறங்கினது என்றார்கள்.

கேட்காதவளுக்கு எப்படிச் சத்தம் ஏறும், பிள்ளே?

நிறுத்தாதே. நீ நிறுத்தாதே. முடிந்துவிட்டது, ஆமென் சொல்லியாச்சு. "போதும்மா, வாங்க" என்கிறான். மூச்சு வாங்குகிறது அவனுக்கு. கதவு திறக்கிறது. இது நான் நடந்து வருகிற சத்தம்.

"நல்லா பதிஞ்சிருக்காலே?"

யார் குரல் அது?

என் குரல்தான். முதலில் அதைத்தான் கேட்டிருக்கிறேன். அவள் தரையில் கிடக்கிறாள், அந்தக் கொரகொரச் சத்தம் அவள் மூச்சு. "நல்லா பதிஞ்சிருக்கும்மா" என்கிறான். "அப்ப குரூப்ல போட்டுரு. நேரமானா கேப்பாவ." அதுவும் நான்தான். அப்புறம் அவன் அழுகிறான். "அம்மா, என்னம்மா செய்ய, செத்துருவாளாம்மா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறான். அதற்கு அந்தக் குரல், அந்தச் சாந்தமான குரல்,

"அழாதே. காலைப் புடி. நான் தலையைப் புடிச்சுக்கிடுதேன். படியில விழுந்துட்டான்னு சொல்லு. படியில ஈரம் இருந்துச்சுன்னு நான் சொல்லுதேன்."

பிறகு இழுக்கிற சத்தம். அவள் இன்னும் ஒரு தரம் அத்தை என்கிறாள். என் கைக்குள் இருந்துகொண்டு.

எடுத்துவிடு. காதிலிருந்து எடுத்துவிடு.

எனக்கு நினைவே இல்லை, பிள்ளே. சத்தியமாக. இரண்டு வருஷமாக நான் போலீஸில் சொன்னதையேதான் எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், வெளியே வந்தேன், அவள் கீழே கிடந்தாள் என்று. சொல்லிச் சொல்லி அப்படித்தான் நடந்தது என்று...

இல்லை. பொய். நினைவிருந்தது. அவள் தலைமுடி என் விரலில் சுற்றிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஒவ்வொரு முடியாகப் பிரித்து எடுத்தேன்.

எலியேசர் இதை முழுக்கக் கேட்டிருக்கிறான். இந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வாய்க்குள் வைத்திருந்தான். மூன்று தரம் கதவு சாத்தினபோதும் எனக்காகவும்தான் வைத்திருந்திருக்கிறான். நான் கீழே ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சமாதானபுரம் வந்துவிட்டது. நான் இறங்க வேண்டும். நீயும் இறங்கு, பிள்ளே. உனக்கு ஜங்ஷன் போக வேண்டும் என்று தெரியும். ஒரு அரைமணி நேரம்.

கோர்ட் வாசலில் ஆமோஸ் நிற்பான். வெள்ளைச் சட்டை போட்டிருப்பான். உன்னை அவனுக்குத் தெரியாது. நீ என் பக்கத்தில் வராதே, யாரோ மாதிரி முன்னால் போ. உள்ளே அரசாங்க வக்கீலம்மா இருப்பார்கள், கறுப்புக் கோட்டு, குட்டையாக இருப்பார்கள், போன வாய்தாவில் பெனினாளைக் கையைப் பிடித்து உட்கார வைத்த அம்மா. இந்தப் பென்டிரைவை அவர்கள் கையில் கொடு. பெனினாள் மாமியார் கொடுக்கச் சொன்னாள் என்று சொல். முழுசாகக் கேட்கச் சொன்னாள் என்று சொல். மிச்சத்தை நான் கூண்டில் ஏறிச் சொல்லிக்கொள்கிறேன்.

என் கையில் தராதே. இப்போது நீட்டுகிறாயே, இந்த மாதிரி நீட்டாதே. என் கைக்கு வந்தால் அந்த வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் இது இருக்காது, எனக்கு என்னைத் தெரியும். நடுவழியில் நான் திரும்பக் கேட்பேன். அழுது கேட்பேன். உன் தலைமேல் கை வைத்து ஜெபம் பண்ணிக் கேட்பேன். எவ்வளவு சத்தமாகக் கேட்டாலும் தராதே.

முன்னால் போ, பிள்ளே. வேகமாகப் போ.